பிழையில்லாத கொப்பி



இலக்கியம் பற்றிய இத்தொடரிலே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு இலக்கியத்துக்குப் புறம்பானதாகத் தோன்றக்கூடும். ஒரு கவிஞரைப் பற்றியோ ஒரு நாவலைப் பற்றியோ நான் பேசப்போவதில்லை. நோயின் காரணமாகப் பாடசாலைக்குப் போக இயலாமல் வீட்டிலிருந்தே படித்த ஒரு சிறுமி, வாசிப்பிலும் எழுத்திலும் எவ்வாறு முன்னேறினாள், அந்த முன்னேற்றத்தை அளக்கப் புகுந்த நான் எங்கே தவறினேன் என்பதையே சொல்லப்போகிறேன். வாசகர் இல்லாமல் இலக்கியம் இல்லை. அந்த வாசகர் உருவாகும் இடம் எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு குழந்தையின் வாய்தான். ஆகவே இப்பொருள் இலக்கியத்துக்கு அந்நியமானதன்று என்றே நான் கருதுகிறேன்.

நான் ஓர் இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன். உயர்தர வகுப்பு மாணவருக்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக்கொடுத்து, அவர்களுடைய விடைத்தாள்களைத் திருத்தித் திருத்திக் கை பழகியவன். சட்டைப் பையிலே ஒரு சிவப்புப் பேனை எப்பொழுதும் இருக்கும். அந்தப் பேனைதான் இக்கதையில் வரும் குற்றவாளி.

சிறுமி என் தங்கையின் மகள், எனக்கு மருமகள். 2019ஆம் ஆண்டில் முதலாந் தரத்திலே சேர்ந்தாள். இரண்டாந் தரத்துக்கு வந்து இரண்டு மாதம் முடிந்த கையோடு, 2020 மார்ச்சில், கொரோனா நோய்ப் பரவலால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அந்த ஆண்டின் கடைசியிலே அவளுக்கு முகமும் காலும் வீங்கின. சிறுநீருடன் புரதம் வெளியேறுகின்ற சிறுநீரக நோய் என்று வைத்தியர் சொன்னார். குழந்தைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் மாறக்கூடியதுதான். ஆனால் மாறுவது போல மாறித் திரும்பத் திரும்ப வரும். குளிசைகளினால் உடலின் எதிர்ப்புச் சக்தி குறையும், ஆதலால் சனக்கூட்டத்துள் விடவேண்டாம் என்றார்கள். மற்றப் பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பிய காலத்திலும் எங்கள் பிள்ளை வீட்டிலேயே இருக்க நேர்ந்தது.

எமது நாட்டிலே 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்று 1997இல் ஒழுங்குவிதி வந்தது. 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆகவே மருமகளின் பெயர் பாடசாலை இடாப்பிலே இருந்துகொண்டே இருந்தது. வகுப்பாசிரியை நல்ல மனமுடையவர். தொலைபேசி மூலம் பாடங்களை அனுப்புவார். பிள்ளை வாசிப்பதைக் குரற்பதிவாக அனுப்பச் சொல்லிக் கேட்பார். ஆயினும் நாள்தோறும் பக்கத்திலிருந்து பார்க்கும் பொறுப்பு வீட்டாருடையதாயிற்று. "அண்ணை, தமிழை நீங்கள் பாருங்கோ. கணக்கை நான் பாக்கிறன்" என்றாள் தங்கை. பல்கலைக்கழகப் பட்டமும் கல்வி டிப்ளோமாவும் பெற்றவனுக்கு எட்டு வயதுப் பிள்ளையின் தமிழ் ஒரு பெரிய காரியமா என்ற எண்ணத்துடன் நான் ஒப்புக்கொண்டேன்.

அந்த வீட்டிலே ஏற்கெனவே ஒரு கொப்பி இருந்தது. காலையிலே பிள்ளையின் சிறுநீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சூடாக்கிப் பார்ப்பாள் தங்கை. புரதம் இருந்தால் வெண்மையாகக் கலங்கும். கலங்காவிட்டால் 'இல்லை' என்று எழுதுவாள். கலங்கினால் அளவுக்கேற்ப ஒரு கூட்டற்குறி, இரண்டு கூட்டற்குறி. கிளினிக்குக்குப் போகும்பொழுது வைத்தியர் முதலிலே கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

நான் இரண்டாவது கொப்பியைத் தொடங்கினேன். சனிக்கிழமை தோறும் போவேன். பிள்ளையைப் பத்து வரி எழுதச் சொல்வேன். பிழைகளைச் சிவப்பு மையினாற் சுழித்து, எண்ணி, திகதியுடன் என் கொப்பியிலே பதிவேன். முதல் வாரம் பதினான்கு. அடுத்த வாரம் பன்னிரண்டு. அவை என்ன பிழைகள்? மழையை 'மளை' என்றும், கோழியைக் 'கோளி' என்றும், வாழைப்பழத்தை 'வாளைப்பழம்' என்றும் எழுதியிருந்தாள். எங்களுடைய பேச்சிலே ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிட்டன. பிள்ளை தன் காதுக்குக் கேட்டதை நேர்மையாக எழுதியிருக்கிறாள். தன் காதை நம்பும் பிள்ளை எழுத்தறிவின் வாசற்படியிலே ஏறிவிட்டாள் என்று ஆசிரியர்களுக்கு விரிவுரை செய்யக்கூடிய நான், அன்று பதினான்கு என்ற எண்ணை மாத்திரமே கண்டேன்.

வாரங்கள் செல்லச் செல்ல எண் குறைந்துவந்தது. எட்டு, ஐந்து, இரண்டு. 2021 நடுப்பகுதியிலே பயணக்கட்டுப்பாடு வந்தபோது எழுத்தைப் படம் பிடித்துத் தொலைபேசியில் அனுப்பினார்கள். ஒகஸ்ட் மாதத்திலே சுழியம். அடுத்த வாரமும் சுழியம். தொடர்ந்து ஏழு வாரங்கள் ஒரு பிழையும் இல்லை. நான் மகிழ்ந்தேன். சக ஆசிரியர்களுக்குப் பெருமையாகச் சொன்னேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ஒக்டோபரில் நேரே போனபொழுது அந்த ஏழு வார எழுத்தையும் வரிசையாக விரித்துப் பார்த்தேன். 'இது பசு. பசு பால் தரும். பசு புல் தின்னும். இது மரம். மரம் நிழல் தரும்.' ஏழு வாரமும் ஏறக்குறைய இவையேதான். வாக்கியத்துக்கு மூன்று சொல்லுக்கு மேல் இல்லை. நிழல் என்ற சொல்லிலே ழகரம் சரியாக இருந்தது. ஆனால் மழை இல்லை, கோழி இல்லை, வாழைப்பழம் இல்லை. அந்த வளவிலே கோழிகள் காலைச் சுற்றித் திரிகின்றன. வேலியோரத்திலே வாழை குலை தள்ளி நிற்கிறது. எழுத்திலே மட்டும் அவை இல்லை. ஐயம் உள்ள சொல் ஒவ்வொன்றையும் பிள்ளை தன் எழுத்திலிருந்து விலக்கிவிட்டாள்.

"ஏன் பிள்ளை, கோழியைப் பற்றி ஒண்டும் எழுதேல்லை?" என்று கேட்டேன்.

"பிழை வரும் மாமா."

"வந்தால் என்ன?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். குளிசையினால் ஊதிப்போயிருந்த அந்தச் சின்ன முகம் இன்றும் என் கண்ணிலே நிற்கிறது. "உங்கடை கொப்பியிலையும் இல்லை எண்டு வந்தால்தானே நல்லம்? அம்மாவின்ரை கொப்பியிலை இல்லை எண்டு வந்தால் அம்மா சிரிப்பா" என்றாள்.

நேயர்களே, அந்த வீட்டிலே பிள்ளையை அளக்க இரண்டு கொப்பிகள் இருந்தன. இரண்டும் அவளிடம் என்ன குறை இருக்கிறது என்று தேடின. நோயைப் பொறுத்தவரையிலே அது முறைதான். புரதம் 'இல்லை' என்பதே சுகம். ஆனால் மொழி நோயன்று. மொழியிலே பிழை இல்லை என்றால் பிள்ளை தேறிவிட்டாள் என்றும் இருக்கலாம், எழுதுவதை நிறுத்திவிட்டாள் என்றும் இருக்கலாம். என் கொப்பியால் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. அன்று மாலை சிவப்புப் பேனையை வீட்டு மேசை லாச்சியிலே போட்டுப் பூட்டினேன்.

பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். ஏனெனில் அளப்பதையே விட்டுவிடுவதும் பொறுப்பான செயலன்று. வீட்டிலே படிக்கும் பிள்ளைக்குப் பக்கத்து மேசைப் பிள்ளை இல்லை, தவணைப் பரீட்சை இல்லை. எங்கே நிற்கிறாள் என்று எவரும் பாராவிட்டால் உண்மையாகவே பின்தங்கிப் போகலாம். எனவே அளவுகோலை மாற்றவேண்டியிருந்தது.

முதலில் வாசிப்பு. நியூசிலாந்தைச் சேர்ந்த மேரி கிளே (1926-2007) என்ற கல்வியியலாளர் ஒரு முறையை வகுத்தார். பிள்ளை ஒரு பகுதியை உரத்து வாசிக்கும்பொழுது ஆசிரியர் சொல்லுக்குச் சொல் குறியிட்டு வருவார். சரியாக வாசித்த சொல்லுக்கு ஒரு குறி. மாற்றி வாசித்தால் என்னவாக மாற்றினாள் என்ற குறிப்பு. தானே நின்று, திரும்பி வந்து, திருத்தி வாசித்தால் அதற்குத் தனிக் குறி. நூறு சொல்லிலே தொண்ணூற்றைந்துக்கு மேல் சரியானால் அந்நூல் பிள்ளைக்கு இலகுவானது. தொண்ணூறுக்கும் தொண்ணூற்று நான்குக்கும் இடைப்பட்டால் கற்பிப்பதற்கு ஏற்றது. தொண்ணூறிலும் குறைந்தால் கடினமானது. குறை அப்பொழுது பிள்ளையுடையதன்று, நூலைத் தெரிந்தெடுத்தவருடையது.

இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே பொருத்தக்கூடாது. தமிழ்ச் சொல் உருபுகளும் விகுதிகளும் சேர்ந்து நீளும் இயல்புடையது. என் மருமகள் 'மரத்திலிருந்து' என்பதை 'மரத்தில்' என்று வாசித்து மிகுதியை விழுங்கிவிடுவாள். 'பொன்' என்பதைப் 'பென்' என்பாள். ஒகரக் குறியின் ஒரு பாதி எழுத்துக்கு முன்னும் மறு பாதி பின்னும் நிற்பதால், முன்னதை மட்டும் கண்டு ஓடிவிடுவதே காரணம். ஒருநாள் 'படகு' என்று அச்சிட்டிருக்க, படத்தைப் பார்த்து 'வள்ளம்' என்று வாசித்தாள். மூன்றும் பிழைதான். ஆனால் மூன்றும் ஒரே பிழையல்ல. முதலாவது சொல்லின் கடைசி வரை பார்க்கவில்லை என்பதைக் காட்டுகிறது. இரண்டாவது குறியீட்டைப் பிரித்தறியவில்லை என்பதைக் காட்டுகிறது. மூன்றாவதோ, பொருளை முற்றாக விளங்கிக்கொண்டு எழுத்தை மாத்திரம் பாராமல் விட்டதைக் காட்டுகிறது. மூன்று என்று எண்ணி எழுதினால் இவ்வளவும் மறைந்துபோகும்.

எல்லாவற்றிலும் மேலாக நான் காத்திருந்தது அந்தத் தனிக் குறிக்குத்தான். 2021 டிசம்பரிலே ஒருநாள் "பென்..." என்று தொடங்கியவள் நின்றாள். வாக்கியத்தை மீண்டும் மேலோட்டமாகப் பார்த்தாள். "பொன்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தாளிலே குறியிட்டபொழுது என் கை சற்று நடுங்கியது. 'பென் வளையல்' என்றால் பொருள் இல்லை என்பதை அவளுடைய மனமே அவளுக்குச் சொல்லியிருக்கிறது. இனி அவளுக்குப் பக்கத்திலே மாமா இருக்கவேண்டும் என்பதில்லை.

இது சிறு பிள்ளைக்கு மட்டும் உரிய காரியமன்று. பழைய ஏடுகளிலே எகரத்தையும் ஏகாரத்தையும், ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரித்துக் காட்டுவது புள்ளி ஒன்றே. ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் அப்புள்ளியை இடாமலே விட்டார்கள். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் ஒரே ஆண்டில், 1887இல், அச்சேற்றினார்கள். அத்தகைய பெரியவர்கள் ஏட்டின் முன்னே அமர்ந்து செய்ததும் இதைத்தான். ஒரு வாசிப்பைக் கொண்டு பார்ப்பார்கள். பொருள் பொருந்தாவிட்டால் திரும்பி வருவார்கள். வேறாக வாசித்துப் பார்ப்பார்கள். தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வாசகர் பேரறிஞராக இருந்தாலென்ன, எட்டு வயதுப் பிள்ளையாக இருந்தாலென்ன, தொழில் ஒன்றுதான்.

அடுத்தது எழுத்து. 2022ஆம் ஆண்டு பிறந்தது. அந்த ஆண்டின் தட்டுப்பாடுகளை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மார்ச் மாதத்திலே கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்திலே தவணைப் பரீட்சைகள் பின்போடப்பட்டன. கொப்பி விலை ஏறிக்கொண்டே போனது. தங்கை வீட்டுச் சுவரிலே நாளுக்கு ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டி தொங்கியது. கிழித்த தாளின் பின்புறம் வெறுமையானது. "ஒவ்வொரு நாளும் இதிலை ஒரு வசனம் எழுது, பிள்ளை. என்ன வேணுமெண்டாலும் எழுது. நான் திருத்தமாட்டன்" என்று சொல்லி, கடைக்காரர் பற்றுச்சீட்டுக் குத்தி வைப்பது போன்ற ஒரு கம்பியை வாங்கிக்கொடுத்தேன். எழுதிய தாளை அதிலே குத்தவேண்டியது அவள் வேலை. தாளின் முன்புறத்திலே திகதி இருக்கிறது. நான் பதியவேண்டியது எதுவும் இல்லை.

முதல் இரண்டு வாரமும் பசுவும் மரமுமே வந்தன. பின்னர் கோழி வந்தது, 'கோளி' ஆகவே வந்தது. கோழி முட்டையிட்டதும், முட்டையைக் காகம் கொத்தியதும், அம்மம்மா காகத்துக்குப் பேசியதும் வந்தன. சிவப்புப் பேனைக் கணக்கின்படி பார்த்தால் ஏப்ரல் மாதத்துப் பிழைகள் முந்திய ஒக்டோபரிலும் பல மடங்கு. ஆனால் மூன்று சொல்லாக இருந்த வாக்கியம் ஒன்பது, பத்துச் சொல்லாக நீண்டிருந்தது. 'அதனாலே', 'ஆனால்', 'பிறகு' என்ற இணைப்புகள் வந்துவிட்டன. முன்பு எழுதாத சொற்கள் நாளுக்கொன்றாவது வந்தன. பிழை கூடிய அந்த மாதமே அவள் மிக வேகமாக வளர்ந்த மாதம். இதை இன்று நான் தயக்கமின்றிச் சொல்லுவேன்.

ஜூன் மாதத்திலே எரிபொருள் இல்லை. சைக்கிளிலே போனேன். போனவுடன் வீட்டு நிலைமை விளங்கிவிட்டது. தங்கையின் கொப்பியிலே இரண்டு கூட்டற்குறிகள். நோய் திரும்பியிருந்தது. பிள்ளை படுத்திருந்தாள். நான் கம்பியைப் பார்த்தேன். அன்றைய தாளும் குத்தியிருந்தது. அதிலே எழுதியிருந்தது இதுதான்: 'அம்மா இண்டைக்குச் சிரிக்கேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை.'

பேச்சுத்தமிழ். பரீட்சைத் தாளிலே வந்தால் நான் சுழித்திருப்பேன். அன்று அந்தத் தாளைக் கையிலே வைத்துக்கொண்டு வெகுநேரம் முற்றத்திலே நின்றேன். எவரும் கேளாமல், எவரும் சொல்லிக்கொடாமல், தன் மனத்திலிருந்த பாரத்தை ஒரு பிள்ளை இரண்டு வசனத்திலே இறக்கி வைத்திருக்கிறாள். நோய்க்குத் தான்தான் காரணமோ என்று அவள் அஞ்சியிருக்கிறாள். எந்தச் சோதனைக் குழாயும் அதைக் காட்டியிருக்கமாட்டாது. தாளைத் தங்கையிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு உள்ளே போனவள் பிள்ளையின் பக்கத்திலே நெடுநேரம் படுத்திருந்தாள்.

எழுத்துத் தமிழ் கற்பிக்க வேண்டாமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டும். சுகம் வந்த பிறகு, "பேப்பரிலை வாற மாதிரி இதை எப்பிடி எழுதலாம்?" என்று கேட்பேன். அவள் மேல் வசனத்தை வெட்டாமல் அதன் கீழே 'இன்று', 'சிரிக்கவில்லை' என்று எழுதிப் பார்ப்பாள். இரண்டும் அந்தத் தாளிலேயே இருக்கும். ழகரத்துக்கு வாரம் ஒரு சொல் வீதம் ஒரு தனிப் பட்டியல் வைத்தோம். நாட்காட்டித் தாளிலே கை வைக்கவில்லை.

2023இலே அவள் பாடசாலைக்குத் திரும்பினாள், ஐந்தாந் தரத்துக்கு. அந்த ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையிலே வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தங்கைக்கு மனவருத்தம். அன்று மாலை தொலைபேசியிலே கிடந்த 2021ஆம் ஆண்டுக் குரற்பதிவொன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். எழுத்தெழுத்தாக இழுத்து, மூச்சு வாங்கி வாசிக்கும் குரல். "ஐயோ மாமா, இது நானா?" என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தாள். அதே பகுதியை இப்பொழுது வாசி என்றேன். நின்று நிதானித்து, பேச்சு வரும் இடத்திலே பேசுவது போல வாசித்தாள். தங்கை மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள். பரீட்சை அவளை மற்றப் பிள்ளைகளுடன் நிறுத்திப் பார்த்தது. அந்தப் பதிவு அவளை அவளுடனேயே நிறுத்திப் பார்த்தது. இரண்டும் தேவையென்றே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது அளவையை எங்கள் வீடுகளில் நாங்கள் வைத்திருப்பதேயில்லை.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கும் பெற்றோருக்கும், பாடசாலையால் வந்த பிள்ளையுடன் மாலையிலே இருக்கும் பெற்றோருக்கும் நான் சொல்லக்கூடியவை சிலவே. பிள்ளை எழுதிய தாளிலே திகதி இடுங்கள், எறியாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பகுதி ஒன்றையே திரும்ப வாசிக்கக் கேளுங்கள். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். பிழையை எண்ணத்தான் வேண்டுமென்றால், புதிதாக வந்த சொற்களையும் அதே தாளிலே எண்ணுங்கள். பிழையே இல்லாத கொப்பியைக் கண்டால் மகிழுமுன், அதிலே எவை எழுதப்படவில்லை என்று ஒருமுறை பாருங்கள்.

மருமகள் இப்போது இடைநிலை வகுப்பிலே படிக்கிறாள். குளிசை நின்றுவிட்டது. தங்கையின் கொப்பி மேலே பறணிலே கிடக்கிறது. கம்பியிலிருந்த தாள்களை ஒரு பிஸ்கட் தகரத்திலே பிள்ளை தானே எடுத்து வைத்திருக்கிறாள். ஒருவரும் கேளாமலே இன்றும் எழுதுகிறாள். எனக்கு எல்லாவற்றையும் காட்டுவதில்லை. காட்டவேண்டும் என்று நானும் கேட்பதில்லை.